முதலில் பயம், பிறகு சாட்சியம்

2018 மே 9. சென்னையின் தென்புறநகரைச் சேர்ந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்டது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் உடன் போனார்கள். வழி தெரியாமல் ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, சாக்லேட் கொடுத்தார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. நிலைமை சரியில்லை என்று கண்டு அவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குள் அடுத்த ஊருக்குக் கைப்பேசியில் தகவல் போய்விட்டது. அத்திமூரில் பெருங்கூட்டம் காரை மறித்தது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயங்களோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டத்திடம் ஆதாரம் எதுவுமே இல்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். வெளியூர்க் கார் ஒன்று ஊருக்குள் வந்தது. அது ஓர் ஆதாரம். அதிலிருந்தவர்களின் பேச்சும் உடையும் வேறு மாதிரி இருந்தன, அது இன்னொன்று. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கேள்வி கேட்டதும் ஓடினார்கள். கடைசியில் சொன்ன இரண்டும் அவர்கள் கணக்கில் மிக வலுவானவை. பாசத்தால் கொடுத்த சாக்லேட்டும், உயிர்பயத்தில் எடுத்த ஓட்டமும் குற்றத்தின் தடயங்களாக மாறிவிட்டன. ஓடாமல் நின்றிருந்தால் துணிச்சலான கடத்தல்காரர்கள் என்றிருப்பார்கள். எந்தச் செயலாலும் தன்னை நிரபராதி என்று காட்ட முடியாத நிலை ஒன்று உண்டு. அந்த மூதாட்டி அதில்தான் சிக்கிக்கொண்டார்.

அப்போது பரவியிருந்த வதந்தி, வட மாநிலங்களிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் தமிழ்நாட்டில் இறங்கியிருக்கிறது என்பது. ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் அருகே இந்தி பேசியவர் என்று கருதப்பட்ட ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அத்திமூர்க் கொலை நடந்த அதே நாளில் பழவேற்காட்டில், தெருவில் திரிந்த மனநலம் குன்றிய ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஆனால் அத்திமூரில் இறந்தவர் தமிழ்ப் பெண். தமிழில் வழி கேட்டவர். தன் முன்னோரின் தெய்வத்தைத் தேடி வந்தவர். வதந்தி சொன்ன அடையாளத்துக்கு நேர் எதிரானவர். அப்படியும் வதந்தி அவர்மீது பொருந்தியது. வதந்தி ஆளைத் தேடிப் பிடிப்பதில்லை. அகப்பட்ட ஆளுக்கு ஏற்றபடி தன்னை வளைத்துக்கொள்கிறது.

கூட்டத்தின் வெறி எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அந்த வெறிக்கு ஆதாரம் எப்படித் தயாராகிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. பொய்யான ஆதாரத்தைப் பார்த்து மக்கள் பயந்துபோகிறார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதலில் பயம் வருகிறது. அந்தப் பயத்தை நியாயப்படுத்த சாட்சியம் பிறகு தேடப்படுகிறது. தேடினால் கிடைத்துவிடுகிறது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஓர் இந்திய உளவியலாளரும் உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகார்–நேபாளப் பகுதியை மாபெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் சேகரித்து, 1935-ல் ஆய்வாக வெளியிட்டார். அவர் சேகரித்தது, நடுக்கத்தை உணர்ந்தாலும் அழிவை நேரில் காணாத பகுதியின் வதந்திகளை. இதைவிடப் பெரிய நடுக்கம் வரப்போகிறது, வெள்ளம் வரப்போகிறது, புயல் வரப்போகிறது என்றெல்லாம் அங்கே பேசிக்கொண்டார்கள். ஆபத்து கடந்துவிட்ட இடத்தில் மக்கள் ஏன் இன்னும் பெரிய ஆபத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எடுத்துக்கொண்டு, 1957-ல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் விடை சொன்னார். அந்த மக்கள் ஏற்கெனவே பயந்துபோயிருந்தார்கள். பயப்படுவதற்கான காரணம் மட்டும் கண்ணெதிரே இல்லை. வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுத்தது. இதோடு ஒப்பிட, டார்ஜிலிங்கில் மண்சரிவு நடந்த இடத்திலேயே துர்கானந்த் சின்ஹா செய்த ஆய்வையும் அவர் எடுத்துக் காட்டினார். அழிவைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அப்படிப்பட்ட பயங்கரக் கணிப்புகள் பரவியிருக்கவில்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் கண்முன்னே கிடந்தது. புதிதாக ஒன்றைக் கட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

பிள்ளை பிடிக்கிறவன் பற்றிய பயம் நம்மிடம் வாட்ஸ்அப்புக்கு வெகு காலம் முந்தியது. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையை அதைச் சொல்லித்தான் பல வீடுகளில் மிரட்டினார்கள். பாலமோ அணையோ கட்டும்போதெல்லாம் நரபலிக்குக் குழந்தைகளைப் பிடிக்கிறார்கள் என்று ஊர்ப்பக்கம் பேச்சு கிளம்பும். கோணிப்பையோடு தெருவில் நடக்கும் குப்பை பொறுக்குபவர், குடுகுடுப்பைக்காரர், பிச்சைக்காரர் எல்லாரும் அந்தப் பயத்துக்கு முகமாக இருந்தார்கள். பயம் தயாராக இருந்தது. 2018-ல் அதற்குக் காணொளி கிடைத்தது.

அந்தக் காணொளி எங்கே எடுக்கப்பட்டது என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தெருவில் விளையாடும் சிறுவர்களில் ஒருவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதுதான் இந்தியா முழுக்கப் பரவிய காட்சி. கராச்சியில் காணாமல் போகும் குழந்தைகளுக்காகச் செயல்படும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பின் விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டினார்கள். குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக எடுத்த படம், வெட்டிய பிறகு மனிதர்களைக் கொல்வதற்கான ஆதாரமாயிற்று. இதோடு, 2013-ல் சிரியாவில் நச்சுவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படம், உடலுறுப்புத் திருட்டுக்குச் சான்று என்ற பெயரில் சுற்றியது. அந்தக் கோடையில் இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படி உயிர்கள் போயின. பெங்களூரில் ராஜஸ்தான் இளைஞர் ஒருவரும், அசாமின் கர்பி ஆங்லாங்கில் அருவி பார்க்கப்போன நண்பர்கள் இருவரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஊராட்சி அலுவலக அறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. பிறரிடமிருந்து வந்து மறுபடி அனுப்பப்பட்ட செய்திக்கு அடையாளமும் இட்டது. இரண்டும் நல்லவைதான். பயம் அதனால் குறைந்துவிடவில்லை என்பது ஆறு ஆண்டுகள் கழித்து நம் தெருக்களிலேயே தெரிந்தது.

2024 பிப்ரவரியில் அதே வதந்தி சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் திரும்பவும் எழுந்தது. குழந்தைக் கடத்தல் பற்றிப் பரவும் காணொளிகளும் குரல் பதிவுகளும் பொய்யானவை, நம்பாதீர்கள் என்று காவல்துறை அறிவிப்பு வெளியிட்டது. அந்த நாட்களில்தான் பம்மல்–அனகாபுத்தூர்ப் பகுதியில், இரவில் நடந்து சென்ற ஒரு திருநங்கையைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி, ஆடையைக் கிழித்து, விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். படமும் எடுத்தார்கள். சங்கர் நகர் காவல் நிலையம் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தது. உயிர் பிழைத்தார் என்பது ஒன்றுதான் அத்திமூருக்கும் இதற்கும் வேறுபாடு.

இது தொலைதூரக் கிராமம் அல்ல. பம்மல் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து அந்த மாநகராட்சியை உருவாக்கினார்கள். 2022 தொடக்கத்தில் தாம்பரத்துக்கென்று தனி காவல் ஆணையரகமும் வந்தது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் குறைவில்லாத பகுதி. கூப்பிடு தூரத்தில் விமான நிலையம். படிக்காத மக்கள்தான் வதந்தியை நம்புவார்கள் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

தென்புறநகரின் அமைப்பிலேயே இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது தோல் ஆலை. பம்மல் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமம். இரண்டு தலைமுறைக்குள் இந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நகரமாகிவிட்டன. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், தென்மாவட்டங்களிலிருந்து குடியேறியவர்கள், கட்டடவேலைக்கு வந்த ஒடிய, வங்காள, பீகார்த் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். தெருக்கோடி வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. ஆனால் அவரும் நாமும் ஒரே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருப்போம். பழைய ஊரில் அந்நியர் வந்தால், இன்னார் வீட்டு மாப்பிள்ளை, இன்னாரைப் பார்க்க வந்தவர் என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அத்திமூர்ப் பக்கத்துக் கிராமங்களிலேயே அது போதவில்லை என்னும்போது, எல்லாருமே எல்லாருக்கும் அந்நியராக இருக்கும் புறநகரில் சொல்லவே வேண்டாம். கேமரா பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒரு முகம், “சந்தேக நபர், உஷார்” என்ற வரியோடு குழுவில் விழுகிறது. அந்த முகத்துக்கு ஒரு பெயரும் வீடும் வேலையும் உண்டு என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை.

குழந்தைகளைப் பற்றிய கவலை பொய்யானதல்ல. அது தவறான திசையில் பார்க்கிறது என்பதே துயரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டுக்காரர், குடும்ப நண்பர். கம்பத்தில் கட்டப்படுபவர் எப்போதும் தெரியாதவர்.

இந்த நோய் ஒரு பக்கத்து நோயும் அல்ல. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஜசீடிக்கும், அசாமின் சில்காட்டுக்கும், வங்காளத்தின் சந்திராகாச்சிக்கும் நேரடி ரயில்கள் போகின்றன. அவற்றில் வந்துபோகும் தொழிலாளர்களைப் பற்றித் தமிழர்களிடம் ஒரு பயமும், அவர்களின் குடும்பங்களிடம் நம்மைப் பற்றி ஒரு பயமும் இருக்கின்றன. 2023 ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழரை விரட்டி அடிப்பதாக ஒரு காணொளி நம் பக்கம் பரவியது. ஒரு சில்லறைத் தகராறு, மாநிலத்தின் மீதான படையெடுப்பாகச் சித்திரிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் எதிர்த் திசையில் புயல் கிளம்பியது. தமிழ்நாட்டில் பீகாரிகள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று வடநாட்டு நாளிதழ்களே செய்தி போட்டன. பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டது. தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே விளக்கம் தந்தார்: பரவும் காணொளிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கிடையே நடந்த தகராறு. பீகார் அரசு அனுப்பிய நான்கு பேர் குழு இங்கே வந்து தொழிலாளர்களிடமே விசாரித்துத் திரும்பியது. கட்டுப்போட்ட காயங்களோடு இருவர் பேசும் ஒரு காணொளி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடித்தது பீகார் காவல்துறைதான்.

அந்த நாட்களில் ரயில் நிலையங்களில் கூட்டம் இருந்தது உண்மை. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8-ல் வந்தது. ஆண்டுதோறும் ஊருக்குப் போகிறவர்கள் அப்போதும் போனார்கள். அந்தப் பண்டிகைக் கூட்டத்தின் படத்தையே, தப்பி ஓடும் அகதிகளின் படம் என்று காட்டினார்கள். படம் பொய்யில்லை, தலைப்பு பொய். இந்த வகைப் பொய்ச்சாட்சியம்தான் மிகவும் ஆபத்தானது. படத்தைச் சோதித்துப் பார்ப்பவருக்கும் அதில் எந்த ஒட்டுவேலையும் அகப்படாது.

படத்துக்கு அடுத்து, கூட்டம் மிகவும் விரும்பும் சாட்சியம் ஒப்புதல் வாக்குமூலம். “அவனே ஒத்துக்கிட்டான்” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இலங்கையின் அம்பாறையில் 2018 பிப்ரவரி கடைசியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர்கள், குழம்பில் கிடந்த வெள்ளைக் கட்டியைக் காட்டி, சிங்களரை மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறாய் என்று கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர், சுற்றி நின்ற கூட்டத்தின் முன்னால் நடுங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அது கைப்பேசியில் பதிவாயிற்று. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது: அது மாவுக்கட்டி. ஆனாலும் அந்தப் பயம் அடங்கவில்லை. மறு ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் திருட்டுத்தனமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் எழுதியது. செய்தி வந்தபின் நூற்றுக்கணக்கான பெண்கள் புகார் கொடுத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் பெண்கள் பொய் சொல்ல வந்தவர்கள் அல்ல. குழந்தைப் பேறு தாமதமான சொந்தத் துயரத்துக்கு, செய்தித்தாள் ஒரு காரணம் காட்டியது. தங்கள் கடந்தகாலத்தை அந்தக் காரணத்தின் வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையாக நம்பிச் சொல்லப்படும் சாட்சியமும் பொய்யாக இருக்கலாம்.

மிரட்டி வாங்கும் வாக்குமூலம் எதற்கும் உதவாது என்பதை நம் மாகாணம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. 1855-ல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை, வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதையும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களிலிருந்து பதிவு செய்தது. 1859-ல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பின்னர் 1872-ன் சாட்சியச் சட்டம் 25-ஆவது பிரிவிலும், காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி இடம்பெற்றது. இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 23-ஆவது பிரிவு. குற்றவாளிகளைத் தப்பவிடும் ஓட்டை என்று இந்த விதியை வசைபாடுகிறவர்கள், நம் பாட்டன் பூட்டன் விரல்கள் நசுங்கிய பின்னால் வந்தது அது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கடினமான வழக்கைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. தெருக்கூட்டத்தைப் பற்றி எழுதுவது எளிது. கூட்டத்தின் அவசரம் நீதிமன்றத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது?

2017 பிப்ரவரியில் போரூர் அருகே ஒரு சிறுமி காணாமல் போனாள். பிறகு எரிந்த உடலாகக் கண்டெடுக்கப்பட்டாள். தமிழ்நாடே கொதித்தது, கொதிக்கவேண்டிய கொடுமைதான் அது. அதே கட்டடத்தில் வசித்த இளைஞர் கைது செய்யப்பட்டார். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அன்றே தீர்ப்பை எழுதிவிட்டன. நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த இடத்திலேயே அவர் தாக்கப்பட்டார். 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெகு விரைவாக நீதி கிடைத்தது என்று அப்போது பாராட்டினார்கள்.

2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு சுட்டிய குறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குற்றவாளியை அடையாளம் காட்டியதாக ஊரே பேசிய கண்காணிப்புக் கேமரா பதிவு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படவே இல்லை. சிறுமியை அவரோடு கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியை நம்ப முடியவில்லை. வாக்குமூலத்தின் வழியே கண்டெடுத்ததாகச் சொன்ன பொருள்களும் தடய அறிவியல் சான்றுகளும் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. எதிரித்தரப்பு வழக்கறிஞர் தயாராகப் போதிய அவகாசம் தரப்படவில்லை. விசாரணை நியாயமான முறையில் நடக்கவில்லை.

அந்த இளைஞர் குற்றம் செய்யவில்லை என்று இதற்குப் பொருளல்ல. செய்தார் என்று அரசு நிரூபிக்கவில்லை என்பதே பொருள். தீர்ப்பு வந்த அன்று உச்ச நீதிமன்றத்தைத் திட்டியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய இடம் வேறு. ஊரே ஓர் ஆளைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டால், விசாரணை அதிகாரிக்கு இனி நிரூபிக்க வேண்டிய சுமை குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. கேமரா பதிவை ஊரே பார்த்தது என்கிறபோது, அதை முறையாகக் கைப்பற்றிச் சான்றிதழோடு கோப்பில் சேர்க்கும் அலுப்பான வேலையை யாரும் வற்புறுத்துவதில்லை. எதிரிக்காக வாதாடுகிறவர் கேள்வி கேட்டால் அவருக்கே வசவு விழுகிறது. கேள்வி கேட்கப்படாத சாட்சியம் எட்டு ஆண்டுகள் கழித்து டெல்லியில் உடைந்து விழுகிறது. இப்போது, குற்றம் செய்தவர் யார் என்பதைச் சட்டத்தின் முன் நிலைநாட்டாத ஒரு கொலை நம் கையில் இருக்கிறது. அந்தச் சிறுமிக்கு நம் ஆவேசம் கொடுத்தது இதைத்தான்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த ஒரு சோதனை இங்கே உதவும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலை. அறையில் இருந்த மற்ற எல்லாரும், முன்பே பேசி வைத்தபடி, தவறான விடையை ஒருமனதாகச் சொல்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான முறை, தங்கள் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தின் விடையைச் சொன்னார்கள். இந்தப் பகுதியை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதன் மறுபாதியைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும். கூட்டத்துக்கு அடிபணிவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்த ஒருவர் கூட்டத்தை வெல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும்.

சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல் கொலையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும், வழக்குகளை விரைவு நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களால் கொலை செய்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. வதந்தியால் நடக்கும் கொலையை இந்தப் பட்டியல் நேரடியாகச் சொல்லவில்லை. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பொறுப்பு அதிகாரி யார், அவரை எப்படி அழைப்பது என்பது மக்களுக்கு எட்டவே இல்லை என்பது. தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும், குடிநீர் நேரம் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைக்கலாம். குடியிருப்போர் சங்கங்களை அழைத்து, பம்மலில் நடந்ததை மறைக்காமல் காவல்துறையே எடுத்துச் சொல்லலாம். பள்ளிகளில் கராச்சிப் படத்தை முழுதாகப் போட்டுக் காட்டலாம். வெட்டியதையும் வெட்டாததையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஒரு பிள்ளை, அதன்பின் எந்தக் காணொளியையும் அப்படியே விழுங்காது.

வாசிக்கும் உங்களிடம் எனக்கு நேரான வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் குழுவில் அடுத்த முறை ஒரு முகம் வந்து விழுந்தால், எந்த ஊர், எந்த நாள், எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு என்று எல்லாரும் பார்க்க எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தை ஒன்றுக்கு ஆபத்து என்று மெய்யாகவே தோன்றினால் 1098-ஐ அழையுங்கள். தெருவில் ஒரு மனிதரைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தால் 112-ஐ அழைத்துவிட்டு, அவர் யாராக இருந்தாலும், காவலர் வரும்வரை அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.